புகையானைத் தாங்கும் என்று சொன்ன ரகம் மூன்றாம் ஆண்டில் ஏன் காய்ந்தது?

டெல்டாவில் ஐந்து ஏக்கரில் சம்பா நடும் நண்பர் இங்கே கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். நெல்லின் சாற்றை உறிஞ்சும் தத்துப்பூச்சியான புகையானுக்கு எதிர்ப்புத் திறன் கொண்டது என்று சொல்லி அவருக்கு ஒரு நெல் ரகத்தின் விதையைக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு ஆண்டுகள் குறையில்லாமல் விளைந்தது. மூன்றாம் ஆண்டு, கதிர் பால் பிடிக்கும் தருணத்தில், வயலின் நடுவே வட்ட வட்டமாகத் தீய்ந்துபோயிற்று. "செடிக்கும் நம்மைப் போல நோய் எதிர்ப்புச் சக்தி உண்டா? உண்டென்றால் அது எங்கே போயிற்று? சாம்பலும் பஞ்சகவ்யமும் கொடுத்தால் திரும்ப வந்துவிடும் என்று பக்கத்து வயல்காரர் சொல்கிறாரே, உண்மையா?" என்பவை அவருடைய மூன்று கேள்விகள். அவர் எழுதியிருக்கும் தொனியைப் பார்த்தால், இவற்றுக்கெல்லாம் அடியில் நான்காவதாக ஒரு கேள்வி இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது: நான் ஏமாற்றப்பட்டேனா, அல்லது எதிர்ப்புத் திறன் என்பதே தீர்ந்துபோகக்கூடிய ஒன்றா?

நான் பயிர் நோயியல் படித்தவன். பணிக்காலத்தின் பெரும்பகுதியை நெல்லோடு, அதிலும் ரகங்களின் எதிர்ப்புத் திறனைச் சோதிக்கும் கொட்டகைகளிலும் நாற்றுத் தட்டுகளிலும் கழித்தவன். ஆகவே செடிக்குள் என்ன நடக்கிறது என்பதை ஓரளவு உறுதியாகச் சொல்ல முடியும். உங்கள் வயலில் என்ன நடந்தது என்பதை, வயலைப் பார்க்காமல், ஒரு கைப்பேசிப் படத்தை வைத்துக்கொண்டு அதே உறுதியோடு சொல்ல இயலாது. படத்தில் தெரிவது தத்துப்பூச்சியால் தீய்ந்த திட்டுதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அது ஏன் அந்த ஆண்டு வந்தது என்பதில்தான் அனுமானம் தொடங்குகிறது.

செடிக்கு எதிர்ப்புச் சக்தி உண்டு. ஆனால் நம்முடையதை மனத்தில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தால் குழப்பமே மிஞ்சும். நமக்கு இரத்தம் ஓடுகிறது. காவல் வேலைக்கென்றே தனி அணுக்கள் அதில் சுற்றி வருகின்றன. ஒரு முறை வந்த அம்மையை உடல் நினைவில் வைத்துக்கொள்கிறது. நெல்லுக்கு இவற்றில் எதுவும் இல்லை. அதன் ஒவ்வோர் உயிரணுவும் தன் வாசலைத் தானே காக்க வேண்டும். எதைப் பகை என்று அடையாளம் காண வேண்டும் என்பது விதையிலேயே எழுதப்பட்டு வருகிறது. வாழ்நாளில் கற்றுக்கொள்வது மிகக் குறைவு. உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி இங்கேயே இருக்கிறது: செடியின் காவல் பட்டியல் விதையோடு முடிந்துவிடுகிறது, பூச்சியோ ஒரு போகத்துக்குள் மூன்று தலைமுறை பெருகுகிறது.

புகையானுக்குப் போவதற்கு முன், நெல்லில் பூசணத்தால் வரும் குலை நோயைச் சற்று அருகில் சென்று பார்ப்போம், ஏனெனில் செடி எப்படிச் சண்டையிடுகிறது என்பது அதில்தான் கண்ணுக்குத் தெரியும்படி நடக்கிறது. பனி இறங்கிய இரவில், பேரிக்காய் வடிவில் மூன்று அறைகள் கொண்ட ஒரு பூசண வித்து ஈரமான இலையில் ஒட்டிக்கொள்கிறது. சில மணி நேரத்தில் முளைத்து, முனையில் கவிழ்த்த கிண்ணம் போன்ற ஓர் உறுப்பை உண்டாக்குகிறது. அந்தக் கிண்ணத்தின் சுவரில் மெலனின் என்ற கருநிறமி பூசப்படுகிறது. உள்ளே கிளிசரால் சேரச் சேர நீர் புகுந்து அழுத்தம் ஏறுகிறது. காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ 80 மடங்கு வரை அளந்திருக்கிறார்கள். கார் டயரில் இருப்பதைப் போல 40 மடங்கு. அந்த அழுத்தத்தில்தான் ஒரு மெல்லிய ஆணி இலையின் மேல்தோலைத் துளைத்துக்கொண்டு இறங்குகிறது. டிரைசைக்ளசோல் என்ற மருந்து பூசணத்தை நேரடியாகக் கொல்வதில்லை. அந்தக் கருநிறமி உருவாகாமல் தடுக்கிறது, அதனால் கிண்ணத்தில் அழுத்தம் தங்குவதில்லை.

ஆணி உள்ளே இறங்கியதும் இலையின் உயிரணு இரண்டு கட்டங்களாக எதிர்வினை காட்டுகிறது. முதல் கட்டம் பொதுவானது. பூசணங்களின் சுவரில் இருக்கும் கைட்டின் போன்ற பொருள்களின் துணுக்குகளை உயிரணுவின் வெளிப்பரப்பில் உள்ள ஏற்பிகள் உணர்ந்து, சுவரைத் தடிமனாக்கி, பகைக்கு ஒவ்வாத வேதிப்பொருள்களைச் சுரக்க வைக்கின்றன. காற்றில் அலையும் எண்ணற்ற பூசணங்களில் மிகப் பெரும்பாலானவை நெல்லைத் தொடவே முடியாமல் போவதற்கு இந்தக் கட்டமே ஒரு முக்கியக் காரணம். குலை நோய்ப் பூசணம் போன்ற தேர்ந்த பகைவர்கள் இதை அடக்குவதற்கென்றே சில புரதங்களை உயிரணுவுக்குள் செலுத்துகிறார்கள். அந்தப் புரதங்களில் ஒன்றை உள்ளிருந்தே அடையாளம் காணும் மரபணு ரகத்தில் இருந்தால் இரண்டாம் கட்டம் தொடங்குகிறது. அது மூர்க்கமானது. தாக்கப்பட்ட உயிரணு தன்னைத் தானே மாய்த்துக்கொள்கிறது. உயிருள்ள திசுவை உண்டு வளர வேண்டிய பூசணம் அந்தப் பிணத்துக்குள் சிக்கிப் பட்டினி கிடக்கிறது.

வயலில் இதைக் காண முடியும். எளிதில் நோய்க்கு ஆட்படும் ரகத்தில் இரு முனையும் கூர்ந்த, நடுவில் சாம்பல் நிறம் கொண்ட கண் வடிவப் புள்ளிகள் பெருகும். எதிர்ப்புள்ள ரகத்தில் குண்டூசித் தலை அளவுக்குப் பழுப்புப் புள்ளிகள் தோன்றி, வளராமல் அப்படியே நின்றுவிடும். அவை நோயின் அறிகுறி என்பதைவிடச் செடி வென்றதன் தழும்பு என்பதே சரி. பணியில் சேர்ந்த புதிதில் இப்படிப்பட்ட புள்ளிகளைப் பார்த்துவிட்டு ஒரு விவசாயியிடம் உடனே மருந்தடிக்கச் சொன்னவன் நான். அவருக்கு அது வீண் செலவு, எனக்கு இன்றுவரை ஓர் உறுத்தல். ஆனால் பழுப்புப் புள்ளியெல்லாம் வெற்றித் தழும்பு என்றும் எடுத்துக்கொண்டுவிட வேண்டாம். செம்புள்ளி நோயும் தொடக்கத்தில் ஏறத்தாழ இதே தோற்றத்தில் வரும். அதன் புள்ளிகள் நாளடைவில் எள் அளவுக்கு நீள்வட்டமாக விரியும், சுற்றிலும் மஞ்சள் விளிம்பு கட்டும். ஐந்தாறு நாள் கழித்து அதே இலையைத் திரும்பப் பார்ப்பதுதான் நம்பகமான வழி.

இந்த இரண்டாம் கட்டத்தின் விதியை நமக்குச் சொன்னது ஆளி விதைப் பயிர். அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் ஆளியின் துரு நோயை ஆராய்ந்த ஹெச். ஹெச். ஃபிளோர் 1940-களில் கண்டது இது: செடியில் இருக்கும் ஒவ்வோர் எதிர்ப்பு மரபணுவுக்கும் பகையில் நேருக்கு நேராக ஒரு மரபணு இருக்கிறது, இரண்டும் பொருந்தினால் செடி தப்பிக்கிறது, பகையின் மரபணு சற்றே மாறிவிட்டால் செடிக்கு அடையாளம் தெரியாமல் போகிறது. பூட்டும் சாவியும் என்று பலர் இதை விளக்குவார்கள். தேடப்படுபவரின் புகைப்படம் என்று நான் சொல்வேன். காவலரிடம் இருக்கும் படத்தில் மீசை இருக்கிறது, ஆள் மீசையை மழித்துக்கொண்டு எதிரிலேயே நடந்து போகிறான். காவலருக்கு எதுவும் ஆகிவிடவில்லை. உங்கள் ரகத்துக்கும் பெரும்பாலும் எதுவும் ஆகியிருக்காது. "எதிர்ப்புத் திறன் எங்கே போயிற்று" என்ற கேள்விக்கு, அது விதையை விட்டு எங்கும் போகவில்லை, எதிரே வரும் ஆள் மாறியிருக்கக்கூடும் என்பதே நேரான பதில்.

எல்லா எதிர்ப்பும் இப்படி அடையாளம் காண்பதால் மட்டுமே வருவதில்லை. பாக்டீரியா இலைக்கருகலில் எக்ஸ்ஏ13 என்று ஒரு மரபணு உண்டு. அந்த பாக்டீரியா செடியின் சர்க்கரைக் கடத்தி ஒன்றின் விசையைத் தானே முடுக்கி, தனக்கு வேண்டிய சர்க்கரையை வெளியே கசியவிட்டுக்கொள்ளும். எக்ஸ்ஏ13 உள்ள நெல்லில் அந்த விசை இருக்குமிடம் சற்று மாறியிருப்பதால் பாக்டீரியாவின் கைக்கு எட்டுவதில்லை. இங்கே செடி சண்டை போடவே இல்லை, களவு கொடுக்காமல் இருக்கிறது, அவ்வளவுதான். இதையும், எக்ஸ்ஏ5 என்பதையும், மாலி நாட்டுக் காட்டு நெல் ஒன்றிலிருந்து வந்த எக்ஸ்ஏ21 என்பதையும் நம் ஊரில் ஆந்திரா பொன்னி என்று அழைக்கப்படும் பி.பி.டி. 5204-இல் ஒருசேரச் சேர்த்து, ஹைதராபாத்தின் நெல் ஆராய்ச்சி நிறுவனமும் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் 2008-இல் மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரியை வெளியிட்டன. மூன்று மரபணுக்களை ஏன் அடுக்கினார்கள் என்றால், பகை ஒரே நேரத்தில் மூன்று இடங்களில் மாறியாக வேண்டும் என்பதால்தான். ஒன்றில் மாறுவது அரிது என்றால், மூன்றிலும் ஒன்றாக மாறுவது அரிதினும் அரிது.

இனிப் புகையானுக்கு வருவோம். தூரின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே உட்கார்ந்துகொண்டு, ஊசி போன்ற வாயுறுப்பை இலையுறைக்குள் செலுத்தி, சர்க்கரைச் சாறு ஓடும் குழாயைத் தேடிப் பிடித்து உறிஞ்சுகிறது அது. செடி அந்தக் குழாயைக் கேலோஸ் என்ற பசை போன்ற பொருளால் அடைக்கப் பார்க்கிறது. எளிதில் ஆட்படும் ரகத்தில் அந்த அடைப்பு விரைவில் கரைந்துபோகிறது. எதிர்ப்புள்ள ரகத்தில் அது நிலைத்து நிற்க, பூச்சி ஊசியை எடுத்து வேறிடத்தில் குத்தி, மறுபடியும் அடைபட்டு, வயிறு நிறையாமல் அலைகிறது. முட்டை குறைகிறது, குஞ்சுகள் சாகின்றன. சோதனைக் கொட்டகையில் இதை ஒரு தகரத் தட்டிலேயே பார்த்துவிடலாம். வரிசை வரிசையாக நாற்று, ஒவ்வொரு வரிசையும் ஒரு ரகம், இடையில் டி.என்.1 என்ற எளிதில் சாகும் தைவான் ரகம், எதிர்ப்புக்கு அளவுகோலாகக் கேரளத்துப் பட்டாம்பியின் பி.டி.பி.33. குஞ்சுகளைத் தூவிவிட்டுக் காத்திருந்தால் பத்து நாள் அளவில் டி.என்.1 வரிசை வைக்கோலாகச் சாய்ந்துவிடும், பி.டி.பி.33 ஒன்றும் நடக்காதது போலப் பச்சையாக நிற்கும். அப்போதுதான் மற்ற வரிசைகளுக்கு 0 முதல் 9 வரை மதிப்பெண் போடுவோம். 3 வாங்கியது எதிர்ப்புள்ளது, 5 வாங்கியது மிதமான எதிர்ப்புள்ளது. விதை உங்கள் கைக்கு வந்து சேரும்போது "மிதமான" என்ற சொல் பெரும்பாலும் வழியில் எங்காவது உதிர்ந்துபோயிருக்கும். ஏமாற்றம் என்று ஒன்று நடந்திருந்தால் அது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நடக்கிறது, அதுவும் பலமுறை யாருடைய கெட்ட எண்ணமும் இல்லாமல்.

அந்தத் தட்டில் பச்சையாக நிற்பதற்கு மூன்று வெவ்வேறு காரணங்கள் இருக்கலாம் என்று அமெரிக்கப் பூச்சியியலாளர் ரெஜினால்ட் பெய்ன்டர் 1951-லேயே பிரித்துச் சொன்னார். பூச்சிக்கு அந்தச் செடி பிடிக்காமல் போகலாம். அதைத் தின்ற பூச்சி சரியாக வளராமல் போகலாம். அல்லது பூச்சி நன்றாகத் தின்றும் செடி தாங்கிக்கொண்டு விளைச்சலைத் தரலாம். மூன்றாவதான தாங்குதிறனுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு: அது பூச்சியைக் கொல்வதில்லை என்பதால், பூச்சி மாறியாக வேண்டிய நெருக்கடியும் ஏற்படுவதில்லை. இரண்டாவது வகை கடுமையாக இருக்க இருக்க, அதைத் தாண்டக்கூடிய ஒன்றிரண்டு பூச்சிகளுக்கு எதிரே போட்டியே இல்லாமல் போய்விடுகிறது.

இப்படித் தாண்டிய கதை ஒரு முறை பெரிய அளவில் நடந்திருக்கிறது. பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் 1973-இல் ஐ.ஆர்.26 என்ற ரகத்தை வெளியிட்டது. அதன் எதிர்ப்பு பி.பி.எச்.1 என்ற ஒரே மரபணுவால் வந்தது. அதைத் தந்தது முட்கோ என்ற இந்திய நெல். பிலிப்பைன்ஸிலும் இந்தோனேசியாவிலும் ஐ.ஆர்.26 வேகமாகப் பரவிற்று, மூன்று நான்கு ஆண்டுகளுக்குள் அதையும் தின்னும் புகையான் கூட்டம் வந்துவிட்டது. 1976-இல் பி.பி.எச்.2 கொண்ட ஐ.ஆர்.36 வந்தது, 1980-களில் ஆசியாவில் சுமார் 1.1 கோடி ஹெக்டேரில் அது நின்றது. பிறகு அந்த மரபணுவையும் தாண்டும் கூட்டங்கள் தென்பட்டன. இதில் எங்களுக்கு வகுப்பில் சொல்லும்போதே வியப்பாக இருந்த செய்தி ஒன்று உண்டு. பி.பி.எச்.2 மரபணுவுக்கு அடையாளமாக உலகமெங்கும் சொல்லப்படும் ரகம் ஏ.எஸ்.டி.7, நம் அம்பாசமுத்திரத்து நெல். பி.பி.எச்.1 வந்ததும் இந்திய நெல்லிலிருந்து. ஆனால் இந்த இரண்டு மரபணுக்களும் இந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள புகையானிடம் தொடக்கத்திலிருந்தே எடுபடவில்லை. மணிலாவில் பச்சையாக நின்ற அதே ஐ.ஆர்.26 இங்கே காய்ந்தது, ஏனெனில் இங்குள்ள புகையான் கூட்டம் வேறு. ஆகவே "புகையான் எதிர்ப்பு ரகம்" என்று யாராவது சொன்னால், எந்த ஊர்ப் புகையானுக்கு, எந்த ஆண்டு சோதித்தது என்று கேட்பது குதர்க்கம் ஆகாது. நம் பகுதிக் கூட்டத்திடம் நெடுநாள் தாக்குப்பிடித்தவை பி.டி.பி.33, இலங்கையின் ரத்து ஹீனட்டி போன்ற பழைய ரகங்கள். அவற்றில் ஒன்றுக்கு மேற்பட்ட மரபணுக்கள் சேர்ந்து இயங்குகின்றன.

ஒரு மரபணு தாண்டப்படுவதற்கு எத்தனை ஆண்டு ஆகும் என்பது அந்த மரபணுவை மட்டும் பொறுத்ததன்று. ஐ.ஆர்.64-இலும் அதே பி.பி.எச்.1 இருக்கிறது; ஆனால் கூடவே பெயரிடப்படாத சிறு சிறு மரபணுக்கள் பலவும் இருப்பதால் ஐ.ஆர்.26-ஐ விட அது வயலில் வெகுகாலம் நின்றது. எவ்வளவு பரப்பில் ஒரே ரகம் நிற்கிறது என்பதும் முக்கியம். சீனாவின் யுனான் மாநிலத்தில் 1998, 1999-ஆம் ஆண்டுகளில், குலை நோய்க்கு எளிதில் ஆட்படும் பசை நெல்லை எதிர்ப்புள்ள கலப்பின நெல்லின் வரிசைகளுக்கு நடுவே நட்டுப் பார்த்தார்கள். தனியாக நட்ட பசை நெல்லோடு ஒப்பிட்டால் நோயின் கடுமை 94 சதவீதம் குறைந்தது. எந்தச் செடியின் மரபணுவும் அங்கே மாறவில்லை. பக்கத்தில் நின்ற செடி எது என்பதுதான் மாறியது. குலை நோயில் கிடைத்த இந்த வெற்றியை அப்படியே புகையானுக்குப் பொருத்த நான் துணிய மாட்டேன். பூசண வித்து காற்று கொண்டுபோய்ப் போட்ட இடத்தில் விழுகிறது. புகையானோ நெருக்கம் மிகும்போது நீண்ட சிறகுள்ள சந்ததியைப் பெற்று, பல நூறு மைல் பறந்து இடம் தேடக்கூடியது.

உங்கள் வயலுக்கு வருகிறேன். புதிய கூட்டம் வந்திருக்கலாம் என்பதை நான் மறுக்கவில்லை, ஐ.ஆர்.26 வீழ்ந்த வேகத்தைப் பார்த்தால் மூன்று ஆண்டு நடக்காத காரியமில்லை. ஆனால் நான் பந்தயம் கட்ட வேண்டியிருந்தால் முதலில் அதன்மேல் கட்ட மாட்டேன். நடவு செய்து முப்பதாம் நாள் வாக்கில் இலைச்சுருட்டுப்புழுவுக்கு மருந்தடித்ததாகவும், பயிர் வெளிறியதால் இரண்டு முறை மேலுரமாக யூரியா இட்டதாகவும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். என் கண்ணுக்கு இந்த இரண்டும்தான் பெரிதாகத் தெரிகின்றன. செயற்கைப் பைரித்ராய்டு வகை மருந்துகளும் வேறு சிலவும் தூரின் அடியில் இருக்கும் சிலந்திகளையும், புகையானின் முட்டையை உறிஞ்சிக் குடிக்கும் பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சியையும் கொன்றுவிடுகின்றன. இலையுறைக்குள் செருகப்பட்டிருக்கும் புகையான் முட்டைகளுக்கு ஒன்றும் ஆவதில்லை. அவை பொரிக்கும்போது வயலில் காவல் இல்லை. இந்தோனேசிய அரசு 1986-இல் நெல்லில் 57 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்ததற்குக் காரணமே இதுதான். மருந்து அதிகம் அடித்த வயல்களில்தான் புகையான் அதிகம் தீய்த்தது. அடுத்தடுத்த இரண்டு வயல்கள், ஒரே ரகம், ஒரே நாற்றங்கால், ஒன்றில் மட்டும் மருந்தடித்து அதில் மட்டும் எழுபத்தைந்தாம் நாள் வட்டம் விழுந்ததை நானே பார்த்திருக்கிறேன். ஒரு காட்சியை வைத்து விதி எழுதக் கூடாது என்றாலும், இந்த விஷயத்தில் சோதனைகளும் அதே பக்கம்தான் நிற்கின்றன.

யூரியாவைப் பற்றியும் ஐயத்துக்கு இடமில்லை. தழைச்சத்து மிகும்போது சாற்றில் அமினோ அமிலங்கள் மிகுகின்றன, திசு இளசாகிறது, தூர் அடர்ந்து அடியில் காற்றோட்டம் நின்று ஈரம் தங்குகிறது. புகையான் கூடுதலாக முட்டையிடுகிறது, குஞ்சுகள் கூடுதலாகப் பிழைக்கின்றன. மிதமான எதிர்ப்புள்ள ரகம் ஒன்றை, மரபணு மாறாமலே, எளிதில் ஆட்படும் ரகம் போல நடக்க வைக்க ஓர் உர மூட்டை போதும். குலை நோய்க்கும் இதே கதைதான். பாதுகாப்புக்கும் வளர்ச்சிக்கும் செடி ஒரே கையிருப்பிலிருந்துதான் செலவு செய்கிறது என்றொரு விளக்கத்தையும் சொல்வார்கள். அது பொதுவாகச் சரி என்றாலும், நெல்லில் இந்தக் கணக்கு எந்த அளவுக்கு நேராகப் பொருந்துகிறது என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இன்னும் இல்லை. உங்களுக்கு வேண்டியது அந்த விளக்கமில்லை, இலையின் பச்சையை ஒப்பிட்டுத் தழைச்சத்துத் தேவையை அறிய உதவும் இலை வண்ண அட்டை. அதை வைத்துப் பார்த்து, தேவைப்படும் அளவுக்கு மட்டும் பிரித்து இடுங்கள்.

இனி உங்கள் பக்கத்து வயல்காரரின் சாம்பலும் பஞ்சகவ்யமும். நெல் மண்ணிலிருந்து சிலிக்காவை எடுத்து இலையின் தோலிலும் தண்டிலும் படிய வைக்கும் பயிர். தழைச்சத்தைவிடக் கூடுதலாகவே அதை எடுக்கிறது. அறுவடையின்போது கை அறுபடுவது அதனால்தான். சிலிக்கா குறைந்த, நெடுங்காலம் மழையில் கரைந்துபோன மண்களில் சிலிக்கா இட்டபோது குலை நோய் கணிசமாகக் குறைந்தது என்பது பல நாடுகளில் திரும்பத் திரும்ப உறுதியான செய்தி. உமிச் சாம்பலில் சிலிக்கா மிகுதி என்பதும் உண்மை. உங்கள் களிமண்ணில் ஏற்கெனவே எவ்வளவு சிலிக்கா கிடைக்கிறது என்பதைப் பொறுத்தே பலன் இருக்கும் என்பதால், அங்கே எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளச் சொல்வேன். மேலும், வேர் வழியாக ஏறும் சிலிக்கா வேறு, இலைமேல் தூவிய சாம்பல் வேறு; தூவியது மழை வந்தால் போய்விடும். உமிச் சாம்பலை அடியுரத்தோடு இடுவதிலும், வைக்கோலை வயலுக்கே திருப்பித் தருவதிலும் தவறேதும் இல்லை. செலவு குறைவு, கெடுதல் இல்லை.

பஞ்சகவ்யத்தைத் தெளித்த பயிர் செழித்தது என்று பலர் சொல்வதை நான் பொய் என்று சொல்லவில்லை. செழிப்பும் எதிர்ப்பும் ஒன்றாகாது என்பதை மட்டும் சொல்கிறேன். புகையானைப் பொறுத்தவரை அதிகச் செழிப்பு என்பது விருந்தும் கூட. ஒவ்வொருவர் வீட்டுப் பானையிலும் கலவை ஒவ்வொரு விதமாக இருப்பதால், ஓரிடத்துச் சோதனையின் முடிவை இன்னோர் இடத்துக்கு எடுத்துச் செல்வதும் கடினம். புகையானுக்கு எளிதில் ஆட்படும் ரகத்தை அது எதிர்ப்புள்ளதாக மாற்றியதாக என்னை ஒப்புக்கொள்ள வைக்கும் சான்று எதையும் நான் பார்த்ததில்லை. சூடோமோனாஸ் புளோரசன்ஸ் என்ற பாக்டீரியாவின் நிலை வேறு. கிலோ விதைக்கு 10 கிராம் வீதம் விதை நேர்த்தி செய்யும்போது, வேரைச் சுற்றிக் குடியேறும் அது, செடியின் பொதுவான காவலை முன்கூட்டியே விழிக்க வைக்கிறது என்பதற்குச் சான்று இருக்கிறது. செடியின் காவலை வெளியிலிருந்து எழுப்ப முடியும் என்பதே விசித்திரமான கருத்து ஆகாது. ஜப்பானில் புரோபெனசோல் என்ற பொருளைக் குலை நோய்க்குப் பல பத்தாண்டுகளாகப் பயன்படுத்துகிறார்கள், அது முக்கியமாகச் செடியை எழுப்பியே வேலை செய்கிறது. ஆனால் இப்படி எழுப்பப்பட்ட காவல் முழுமையானதன்று, நோய்களிடம் காட்டும் பலனைத் தத்துப்பூச்சியிடம் அதே அளவுக்குக் காட்டும் என்றும் சொல்ல முடியாது. பாக்கெட்டில் உள்ள பாக்டீரியா உயிரோடு இருக்கிறதா என்பதும் பெரிய கேள்வி. காலாவதித் தேதி பார்க்காமல் வாங்காதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் அடுத்த முறை உங்களிடம் யாராவது எல்லாவற்றுக்கும் எதிர்ப்புள்ள ரகம் என்று சொல்லக்கூடும். குருத்துப்பூச்சிக்கும் இலையுறைக் கருகலுக்கும் பயிரிடும் நெல்லில் முழுமையான எதிர்ப்பு கிடைக்கவில்லை; மிதமானதுதான் உண்டு. குருத்துப்பூச்சிக்கு அப்படி மிதமான எதிர்ப்பைத் தந்தது நம் திரூர்குப்பத்து டி.கே.எம்.6, அதைப் பெற்றோராக வைத்துத்தான் ஒரு காலத்தில் தமிழ்நாட்டு வயல்களை நிறைத்த ஐ.ஆர்.20 வந்தது. குலை நோயிலோ நேர் எதிராக, கோயம்புத்தூரின் கோ 39 அந்த நோய்க்கு மிக எளிதில் ஆட்படும் என்பதாலேயே உலகெங்கும் ஆய்வகங்களில் பெயர் பெற்றது: எந்த எதிர்ப்பு மரபணுவை அதில் ஏற்றினாலும் அதன் பலன் மட்டும் தனியாகத் தெரியும். தோற்ற ரகமும் ஆராய்ச்சிக்கு உதவுகிறது. உங்களுக்கு அது ஆறுதல் இல்லை என்பது தெரியும்.

ஏமாற்றப்பட்டீர்களா என்பதற்கு என் கணிப்பு: பெரும்பாலும் இல்லை. விதையில் கலப்பு இருந்திருக்கலாம் என்பதை மட்டும் விலக்கிவிட முடியாது. மூன்று ஆண்டும் சொந்த விதையை எடுத்து வைத்து நட்டிருந்தால் அந்தச் சந்தேகம் இன்னும் கூடும். கதிர் வந்த பிறகு உயரத்திலும் மணியின் நிறத்திலும் வேறுபட்டு நின்ற செடிகள் நூற்றுக்கு எத்தனை என்று நினைவிருந்தால் எழுதுங்கள். எந்த மருந்து, எந்த நாள், கைத்தெளிப்பானா விசைத்தெளிப்பானா, பக்கத்து வயலில் அதே ரகம் தப்பியதா என்பவையும் தெரிந்தால் என் அனுமானத்தை இன்னும் சற்றுத் திருத்த முடியும்.

வரும் சம்பாவில் அதே ரகத்தையே நடலாம். எட்டடிக்கு ஓரடி பட்டம், அதாவது நடாத இடைவெளி, விட்டு நடுங்கள். நாற்பதாம் நாளிலிருந்து வாரம் ஒரு முறை வயலுக்குள் குறுக்காக நடந்து, வரப்போரத்தை விட்டுவிட்டு, ஆங்காங்கே இருபது குத்துகளை (ஓரிடத்தில் சேர்த்து நட்ட நாற்றுகள் ஒரு குத்து) கையால் விலக்கி அடித்தூரைப் பாருங்கள். மேலே நின்று பார்த்தால் எதுவும் தெரியாது. குத்தைச் சாய்த்துத் தட்டினால் புகையான் தண்ணீரில் விழுந்து தத்தும். சிலந்தி நீர்மேல் ஓடும். சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு புகையான், குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு புகையான் என்ற அளவைத் தாண்டும் வரை மருந்துக் கடைக்குப் போக வேண்டாம். தாண்டிவிட்டால் முதலில் தண்ணீரை வடித்துவிட்டு, அப்போது பரிந்துரையில் உள்ள மருந்தைத் தூரின் அடியில் படும்படி அடியுங்கள். பைரித்ராய்டு வேண்டவே வேண்டாம். எண்ணிய கணக்கைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வைத்து, இரண்டு வாரக் கணக்கு சேர்ந்ததும் இங்கேயே போடுங்கள், பார்க்கிறேன்.